கொடுப்பவரின் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

“பிறருக்குக் கொடுத்தால் மனம் நிறையும், நாலு பேரோடு கலந்து பழகினால் வாழ்வு நன்றாயிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது வெறும் நல்லுரையா, சான்றுள்ள உண்மையா? ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தாம் கொடுக்கிறார்களோ? கொடுக்கப் பணமில்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது?” என்பது கேள்வி. மூன்றும் நியாயமானவை, இரண்டாவதை எழுப்பாமல் இத்துறையைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்தல் மகிழ்ச்சி தருகிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அந்த மகிழ்ச்சியின் அளவு பலர் பறைசாற்றுவதைவிடச் சிறியது. உறவுகள் வாழ்வைத் தாங்குகின்றன என்பதற்கான சான்று அதைவிட வலுவானது. இவ்விரண்டையும் தனித்தனி மருந்துகளாகப் பார்ப்பது பிழை என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வருவது: கொடுத்தல் இன்பமாவது பெரும்பாலும் அது ஒருவரை இன்னொருவருக்கு அருகில் கொண்டுவரும்போதுதான்.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சோதனையிலிருந்து தொடங்கலாம். எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவின் பல்கலைக்கழகமொன்றில் 46 பேருக்குக் காலையில் ஓர் உறை கொடுக்கப்பட்டது. சிலரின் உறையில் 5 டாலர், சிலரின் உறையில் 20 டாலர். ஒரு பாதியினர் அதை மாலை 5 மணிக்குள் தமக்காகவும், மறுபாதியினர் பிறருக்காகவும் செலவிட வேண்டும். மாலையில் விசாரித்தபோது, பிறருக்குச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள்; உறையில் இருந்தது ஐந்தா இருபதா என்பது எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. இதைவிடச் சுவையானது இன்னொரு கிளைச் செய்தி. சோதனையின் விவரத்தை மட்டும் வேறு 109 பேரிடம் சொல்லி, யார் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் தமக்கே செலவிட்டவர்களையும் 20 டாலர் பெற்றவர்களையும் சுட்டினார்கள். இரண்டு ஊகங்களும் தவறின. நம்மை மகிழ்விப்பது எது என்பதை நாமே சரியாகக் கணிப்பதில்லை என்னும் இந்தச் செய்திக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

வசதியான நாட்டுக் கல்லூரி மாணவர்களை வைத்து மனித குலத்துக்கே முடிவு கட்டலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதே குழுவினர் 136 நாடுகளில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புத் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, அவற்றில் 120 நாடுகளில் நன்கொடை அளித்தலும் வாழ்க்கை நிறைவும் ஒரே திசையில் செல்வதைக் கண்டார்கள். ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேதம் பெரிதாகத் தெரியவில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் ஒதுக்குப்புறச் சிற்றூர் ஒன்றிலும் இதே போக்குத் தென்பட்டது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனத்தில் நிற்பது குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைதான். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, ஒரு பொம்மைக்கு அதை ஊட்டச் செய்தபோது, தாம் பெற்றபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது அவர்கள் முகம் கூடுதலாக மலர்ந்தது. அதிலும், வேறொரு பண்டத்தை எடுத்துக் கொடுத்தபோது இருந்ததைவிடத் தம் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மலர்ச்சி மிகுதியாக இருந்தது. நற்பெயர், புகழ், மறுமை என்ற கணக்கு எதுவும் அறியாத வயது அது.

இனி இரண்டாவது கேள்வி. மகிழ்ச்சியாக இருப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆகவே கணக்கெடுப்புகள் மட்டும் எதையும் நிறுவா. உடல்நலமும் வசதியும் உள்ளவர்களே தன்னார்வப் பணிக்கு வருகிறார்கள் என்பதால், தன்னார்வலர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று வெறுமனே சொல்வதில் பாதிக்கு மேல் மாயை கலந்திருக்கக்கூடும். முதியோரின் தன்னார்வப் பணி பற்றிய ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தவர்கள் இதை வெளிப்படையாகவே காட்டினார்கள்: எந்தத் திருத்தமும் செய்யாமல் பார்த்தால் இறப்பு அபாயம் 47 விழுக்காடு குறைவாகத் தெரிகிறது, உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் அது 24 விழுக்காடாகச் சுருங்குகிறது. எனவேதான் யார் கொடுப்பது, யார் கொடுக்காதது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன. பரிவுச் செயல்களைப் பற்றிய அத்தகைய 27 சோதனைகளை, 4045 பேரை உள்ளடக்கியவற்றை, 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கிடைத்த விளைவின் அளவு 0.28. வழக்கமான சொற்களில் சொன்னால், பரிவுச் செயல் செய்தவர்களில் ஒருவரையும் செய்யாதவர்களில் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், முன்னவர் பின்னவரைவிட மகிழ்ச்சியாக இருப்பதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 58 வாய்ப்பு. சமவாய்ப்பு என்றால் அது 50 ஆக இருக்கும். அற்பமன்று, அற்புதமும் அன்று.

இத்துறையினரின் நேர்மைக்கு ஒரு சொல் இங்கே சேர்க்க வேண்டும். அக்னினும் டன்னும் உள்ளிட்ட குழுவினர், தம் பழைய முடிவுகளைத் தாமே மீண்டும் சோதிக்க முனைந்து, செய்முறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, 2020இல் விளைவுகளை வெளியிட்டார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்ற சோதனையில், அந்த நேரத்திலேயே பிறருக்காகப் பொருள் வாங்கியவர்களிடம் மகிழ்ச்சி கூடியது. ஆனால் முன்பு செய்த செலவை நினைவுகூர மட்டும் சொன்ன பெரிய சோதனைகளில் வேறுபாடு மிகச் சிறியதாகவோ மங்கலாகவோதான் இருந்தது. நேற்றைய தானத்தை இன்று அசைபோடுவது அவ்வளவாக இனிப்பதில்லை என்று இதை நான் பொருள்கொள்கிறேன். இந்த விளக்கம் என்னுடையது, ஆய்வாளர்களுடையது அன்று.

கொடுத்தல் எப்போது இனிக்கிறது, எப்போது கசக்கிறது என்பதுதான் இவ்விஷயத்தில் வளமான பகுதி. காபிக் கடைப் பரிசு அட்டையை நான்கு குழுவினரிடம் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அகன்றுவிட வேண்டும். ஒரு குழு இன்னொருவரைக் கடைக்கு அழைத்துச் சென்று அவருக்காக அதைச் செலவிட வேண்டும். மற்ற இரண்டு குழுக்கள் தமக்கே செலவிட வேண்டும், ஒன்று தனியாக, ஒன்று நண்பரோடு. பிறருக்குக் கொடுத்ததோடு உடனிருக்கவும் செய்த குழுவே மிக மகிழ்ச்சியாக இருந்தது. பண்டம் அதேதான், விலையும் அதேதான். கூட இருந்த அந்த நேரம்தான் வேறுபாடு. வேறோர் ஆய்வில், பெரிய பன்னாட்டு அமைப்பொன்றின் பொதுநிதிக்குக் கொடுப்பதையும், 10 டாலருக்கு ஒரு கொசுவலை என்று தெளிவாகச் சொல்லும் சிறிய திட்டத்துக்குக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். கூடுதலாகக் கொடுத்ததால் மனநிறைவு கூடியது கொசுவலைத் திட்டத்தில்தான். பொதுநிதி செய்யும் நன்மை குறைவென்று இதற்குப் பொருளன்று. தன் பணம் எங்கே சேர்ந்தது என்று மனக்கண்ணால் காண முடியாதபோது, கொடுத்தவருக்கு அது ஏறத்தாழ ஒரு கட்டணம்போல் ஆகிவிடுகிறது.

உடனிருத்தல், பயனைக் காண முடிதல் ஆகிய இரண்டோடு, கொடுத்தல் இனிப்பதற்கான மூன்றாவது நிபந்தனை மனமுவந்து கொடுத்தல். நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரையனும் 2010இல் வெளியிட்ட ஆய்வுகளில், தாமாக விரும்பி உதவிய நாள்களில் உதவியவரின் மனநிலை உயர்ந்தது. கட்டாயத்தினாலோ குற்ற உணர்வினாலோ உதவிய நாள்களில் உயரவில்லை. வியப்பு என்னவென்றால், உதவி பெற்றவரின் மனநிலையும் அதே வேறுபாட்டைக் காட்டியது. வேண்டாவெறுப்பாகச் செய்யப்படும் உதவி, பெறுகிறவருக்கும் தெரிந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாகத் தோன்றும் முடிவொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2007இல் 19 பெண்களை மூளை வருடியில் படுக்கவைத்து, அவர்கள் கையிலிருந்த தொகையின் ஒரு பகுதி உணவு வங்கி ஒன்றுக்குப் போகும்படி செய்தபோது, வரிபோல் கட்டாயமாக எடுக்கப்பட்டபோதும் மூளையில் வெகுமதியோடு தொடர்புள்ள பகுதிகள் கிளர்ந்தன. விருப்பத்தோடு கொடுத்தபோது அந்தக் கிளர்ச்சி மேலும் கூடியது. அதாவது, நல்லது நடக்கிறது என்பதிலேயே ஒரு நிறைவு உண்டு, அதை நானே செய்கிறேன் என்பதில் இன்னொரு நிறைவு உண்டு. மூளைப் படங்களைக் காட்டி மகிழ்ச்சியை விளக்கிவிட்டதாக எண்ணும் போக்கு எனக்கு உவப்பானதன்று. ஆயினும் இந்தச் சோதனை அந்த இரண்டு நிறைவுகளையும் பிரித்துக் காட்டிய விதம் அழகானது.

தமிழில் இதற்குப் பொருத்தமான இரண்டு பழஞ்சொற்கள் இருக்கின்றன. இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது ஈகை; தன்னைச் சூழ்ந்த உலகத்தோடு பொருந்தி, அதற்குத் தன்னால் ஆனதைச் செய்து வாழ்வது ஒப்புரவு. ஈகையில் மேல் கை, கீழ் கை உண்டு. ஒப்புரவில் அது இல்லை. மேலே சொன்ன நிபந்தனைகளைப் பார்க்கும்போது, மகிழ்ச்சியை விளைவிக்கும் கொடுத்தல் முதலாவதைவிட இரண்டாவதற்கே நெருக்கமாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

உறவுகளைப் பற்றிய சான்றுகள் நீண்டகாலத் தன்மை உடையவை. ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஆய்வு, அங்கே படித்த 268 மாணவர்களையும், பாஸ்டன் நகரின் வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் யார் தம் உறவுகளில் நிறைவு கண்டார்களோ, அவர்களே எண்பது வயதில் பெரும்பாலும் நலமாக இருந்தார்கள். ஐம்பது வயதில் எடுத்த இரத்தக் கொழுப்பு அளவைவிட இது நம்பகமான குறியாக அமைந்தது. தொடக்கத்தில் அனைவரும் வெள்ளையின ஆண்கள் என்பது அவ்வாய்வின் வெளிப்படையான குறை. ஆனால் அது தனித்து நிற்கவில்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை, 3,08,849 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, வலுவான சமூக உறவு உடையோர் ஆய்வுக் காலத்தின் இறுதியில் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், அதனோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்றும் மதிப்பிடுகிறது.

இது எப்படி உடலுக்குள் இறங்குகிறது என்பதற்கு ஷெல்டன் கோஹனின் 1997ஆம் ஆண்டு ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. உடல்நலமுள்ள 276 பேரின் மூக்கில் சளிக்காய்ச்சல் நச்சுயிரியைச் சொட்டுகளாக விட்டுவிட்டு, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். வாழ்க்கைத்துணை, பெற்றோர், நண்பர், உடன் பணிபுரிவோர், அண்டை வீட்டார் என ஆறு வகையோ அதற்கு மேலோ உறவுடையவர்களைவிட, மூன்று வகையோ அதற்குக் குறைவாகவோ உடையவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக இருந்தது. உறவினரின் எண்ணிக்கையை அவர்கள் எண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உறவின் வகைகளையே எண்ணினார்கள். தனிமையுணர்வை ஆயுள் முழுதும் ஆராய்ந்த ஜான் கசியோப்போ அதைப் பசியோடு ஒப்பிட்டார். பசி உணவைத் தேடச் சொல்வதுபோல், தனிமையுணர்வு மனிதரைத் தேடச் சொல்லும் அறிகுறி. ஆனால் பசிக்கு இல்லாத ஒரு கெட்ட குணம் இதற்கு உண்டு: நீடித்தால், பிறர் முகத்தில் ஏளனத்தையும் புறக்கணிப்பையும் தேடிக் கண்டுபிடிக்கும் கண்ணை இது நமக்குத் தந்துவிடுகிறது. அதனால்தான், 2011இல் தனிமையுணர்வைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, வெறுமனே கூட்டங்களுக்கு அழைத்ததைவிட, பிறரைப் பற்றிய அந்தக் கோணலான எண்ணங்களைத் திருத்த முயன்றவையே கூடுதல் பயன் தந்தன.

கொடுத்தலும் உறவும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே. ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர் 423 முதிய தம்பதியரை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு, அதுவரை இருந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. துணைவருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அயலாருக்கும் ஆதரவு கொடுத்தவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது; கொடுத்ததைக் கணக்கில் எடுத்தபின், ஆதரவு பெற்றது மட்டும் ஆயுளைக் காக்கவில்லை. உறவின் நன்மை என்று நாம் நினைத்ததில் ஒரு பகுதி, உண்மையில் அவ்வுறவுக்குள் நாம் கொடுத்ததன் நன்மையாக இருக்கலாம். ஆனால் இதைக் கேட்டு, நெடுநாள் வாழலாம் என்று உதவப் புறப்படுகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. சாரா கோன்ராத் குழுவினர் 2012இல் காட்டியபடி, பிறர் நலம் கருதித் தன்னார்வப் பணி செய்தவர்களிடமே இறப்பு அபாயம் குறைந்தது. தம் நன்மைக்காகச் செய்தவர்கள், எதுவும் செய்யாதவர்களைப்போலவே இருந்தார்கள்.

கொடுத்தலுக்கு எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல். நினைவிழப்பு நோயுற்ற உறவினரை ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர்களுக்கும், வயதிலும் வருவாயிலும் அவர்களை ஒத்த மற்றவர்களுக்கும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வில், பராமரிப்போரின் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அவர்களிடம் அன்பு குறைந்ததால் வந்ததன்று அந்தத் தாமதம். ஓய்வின்றி, மாற்றாள் இன்றி, தெரிந்தெடுக்கும் வாய்ப்பின்றித் தொடரும் கொடுத்தல் உடலைத் தின்கிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், பிறருக்கு உதவினால் மகிழ்ச்சி பெருகும் என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. அவருக்குத் தேவை அறிவுரை அன்று, வாரத்தில் சில மணி நேரம் அவருடைய இடத்தில் வந்து உட்காரும் ஓர் ஆள்.

முதலில் தள்ளிவைத்த கணிப்புப் பிழைக்கு இப்போது வருகிறேன். கொடுப்பதும் பழகுவதும் இவ்வளவு நல்லதென்றால், நாம் ஏன் அவற்றை இன்னும் மிகுதியாகச் செய்வதில்லை? நிக்கலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் போவோரிடம், அருகில் இருக்கும் முன்பின் அறியாதவரோடு பேசச் சொன்னார்கள். அது சங்கடமாக இருக்கும் என்றே பலரும் முன்கூட்டி நினைத்தார்கள். பேசியவர்களின் பயணமோ வாய்மூடி இருந்தவர்களின் பயணத்தைவிட இனிமையாக அமைந்தது. பின்னர் எப்ளியும் அமித் குமாரும் செய்த ஆய்வு இதன் காரணத்தை இன்னும் நெருங்கியது. குளிர்காலத்தில் சறுக்குத் திடலுக்கு வந்தவர்கள், தமக்குக் கிடைத்த ஒரு கோப்பைச் சூடான சாக்லேட் பானத்தை அறிமுகமற்ற ஒருவருக்குக் கொடுத்தார்கள். பெற்றவர் அதை எவ்வளவு பெரிதாக எண்ணுவார் என்பதைக் கொடுத்தவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். கொடுப்பவர் கோப்பையை எண்ணுகிறார், “இது என்ன பெரிய பொருளா” என்று கூசுகிறார். பெறுபவரோ அதிலுள்ள பரிவை எண்ணுகிறார். இந்தப் பிழை ஊரளவிலும் நிகழ்கிறது. தொலைந்த பணப்பை திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு வாழ்வதாகவும், உண்மையில் பணப்பைகள் மக்கள் எதிர்பார்ப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு திரும்பி வருவதாகவும் 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை சொல்கிறது. பிறரின் நற்குணத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கு நாமே விலை கொடுக்கிறோம்.

ஒரு சிறு செய்தி: எந்த இன்பமும் பழகப் பழகப் புளிக்கும் என்ற விதி கொடுத்தலுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஐந்து நாளும் நாளொன்றுக்கு 5 டாலரை அதே வகையில் தமக்கே செலவிட்டவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் தேய்ந்தது. பிறருக்குச் செலவிட்டவர்களிடம் அந்தத் தேய்வு மிகக் குறைவாக இருந்தது.

கடைசியாக, கொடுக்கப் பணமில்லாதவரின் கேள்வி. மேலே சொன்னவற்றில் தொகையின் பருமன் பெரும்பாலும் பெரிதாக எண்ணப்படவில்லை என்பதே பாதி விடை: 5 டாலருக்கும் 20 டாலருக்கும் வேறுபாடில்லை, பயணத்தில் பேசியவர் காசு எதுவும் செலவிடவில்லை. மறுபாதி விடை சற்றே எதிர்பாராதது. எப்போதும் பெறுகிற இடத்திலேயே ஒருவரை வைத்திருப்பது அவருக்குச் செய்யும் நன்மை அன்று. நோயாளிக்கும் முதியவருக்கும் வேலையிழந்தவருக்கும் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு, அவர்கள் நமக்குச் செய்யக்கூடிய ஒன்றைக்கூட ஏற்க மறுக்கும்போது, மகிழ்ச்சியின் ஒரு வாயிலை நாம்தான் அடைத்துவிடுகிறோம். அவர்களிடம் ஒரு யோசனை கேட்கலாம், ஒரு கணக்கைச் சரிபார்த்துத் தரச் சொல்லலாம், குழந்தைக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தரும்படி வேண்டலாம். கேட்பதில் நமக்கு இருக்கும் கூச்சத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுவன் சாவோவும் எப்ளியும் 2022இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி கேட்க வேண்டியிருந்தவர்கள், மற்றவர் மனமுவந்து உதவுவார் என்பதையும், உதவியபின் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். அவருக்கு நேரும் தொல்லையை மட்டும் உள்ளதைவிடப் பெரிதாக எண்ணினார்கள்.